பந்து எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது: பிரிக்ஸ் பந்து இயந்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெகோ பிரிக்ஸிலோ அதோடு பொருந்தும் வேறு பிரிக்ஸிலோ கட்டி, தன் கூடையில் விழும் பந்துகளை எடுத்து அடுத்த கருவியின் கூடையில் போடும் இயந்திரத்துக்கு ‘கிரேட் பால் கான்ட்ராப்ஷன்’ என்று பெயர், சுருக்கமாக ஜிபிசி. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டு மேஜையிலும் பள்ளிக் கண்காட்சியிலும் இதை ஓட்டுபவர்களுக்கு வரும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. எல்லாக் கணக்குக்கும் அடிப்படை நான்கு எண்கள்: ஸ்டட்டுக்கு ஸ்டட் (பிரிக்கின் மேலுள்ள குமிழ்) 8 மி.மீ., ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., ஒரு பிளேட்டின் (தட்டையான துண்டின்) உயரம் 3.2 மி.மீ., பந்தின் விட்டம் சுமார் 14 மி.மீ.

எந்த அளவில் கட்டினால் மற்றவர்களின் கருவியோடு சேர்த்து ஓட்டலாம்?

அமெரிக்கரான ஸ்டீவ் ஹாசன்பிளக் வகுத்துத் தந்த விதிகளைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். கூடையின் வெளியளவு 10×10 ஸ்டட், வாய் 8×8 ஸ்டட், உயரம் 10 பிரிக், அதாவது 96 மி.மீ. கூடை இடது பக்கம் இருக்கும். பந்து வலது பக்கம் வெளியேறும். எல்லாக் கூடைகளின் முன்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கருவி சராசரியாக வினாடிக்கு 1 பந்தை வாங்கி அனுப்ப வேண்டும். மொத்தமாகக் கொட்டும் கருவி என்றால் ஒரு முறைக்கு 30 பந்துக்கு மேல் கொட்டக் கூடாது.

வீட்டில் தனியாக ஓட்டுபவர்கள் கூடை அளவை விட்டுவிடலாம். கடைசி இரண்டு எண்களை மட்டும் விடாதீர்கள். 64 மி.மீ. சதுர வாயில் ஒரு அடுக்குக்கு 16 பந்து உட்காரும். 30 பந்து மொத்தமாக விழுந்தால் ஏறக்குறைய இரண்டு அடுக்கு. அதைத் தாங்கும் கூடை எதையும் தாங்கும்.

கூடையிலிருந்து பந்து இறங்கும் வாயில் சிக்கிக்கொள்கிறது. தட்டினால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. பெரிய மோட்டார் போடலாமா?

வேண்டாம். பந்து நிற்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் மேல் ஒரு தப்பும் இருக்காது. பெரிய மோட்டார் போட்டால் சிக்கல் தீராது. சிக்கிய பந்தை நசுக்கி ஆக்சிலை முறுக்கும், அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். வாய் 2 ஸ்டட் அகலம், 16 மி.மீ. பந்து 14 மி.மீ. ஒரே நேரத்தில் இரண்டு பந்து இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் வந்து வாயில் முட்டினால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு வளைவுபோல நின்றுவிடும். டவுன் பஸ் படியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏற முயன்று இருவரும் மாட்டிக்கொள்வதுபோல. பின்னால் இருக்கும் பந்துகளின் எடை அந்த வளைவை இன்னும் இறுக்கும். அதனால்தான் கூடை நிறைய இருக்கும்போது நிற்கும், பாதிக் கூடையில் ஓடும்.

வாயை 3 ஸ்டட்டாக அகலப்படுத்தினால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது. 24 மி.மீ. வாயில் ஒரு பந்து நேராக வர மாட்டாது. இரண்டு பந்து குறுக்கும் நெடுக்குமாக ஆப்பு அடித்ததுபோல் இறுகும். 14-ம் 14-ம் 28, இடம் 24. வாய் 2 ஸ்டட்டாகவே இருக்கட்டும்.

முதலில் செய்ய வேண்டியது சமச்சீரைக் கெடுப்பது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிவு வைத்த புனல்தான் அதிகம் சிக்கும். ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாக்கி, எதிர்ப்பக்கத்தை மட்டும் சரிவாக்குங்கள். வாயை நடுவில் வைக்காமல் செங்குத்துச் சுவரை ஒட்டி வையுங்கள். வளைவு கட்ட இரண்டு தோள் வேண்டும். ஒரு தோளை எடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும்.

அதுவும் போதாவிட்டால் கூடையின் தரையை அசைக்க வேண்டும். வாய்க்கு அருகே 2 ஸ்டட் அகலத்துக்கு ஒரு துண்டுத் தரையைக் கீலில் நிறுத்தி, கீழே ஓடும் ஆக்சிலில் ஒரு கேம் (மையம் விலகிச் சுற்றும் துண்டு) மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் 3 முதல் 5 மி.மீ. தூக்கிப் போடச் செய்யுங்கள். அதற்கு மேல் தூக்கினால் பந்து துள்ளி வெளியே விழும். அசையும் துண்டுக்கும் நிலைத்த தரைக்கும் இடையில் விழும் சந்து 2 மி.மீ.க்குள் இருக்கட்டும். பெரிய சந்தில் பந்து மேலேயே பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

சரிவில் ஸ்டட் தெரியக் கூடாது. எல்லா இடத்திலும் டைல், அதாவது மேலே ஸ்டட் இல்லாத வழவழப்பான துண்டு. இதைச் சோம்பல்பட்டு விடுபவர்கள் நிறைய பேர்.

வரிசையில் எந்தக் கருவி மெதுவானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தக் கூடையில் பந்து சேர்கிறதோ அதுதான். வட்டமாக இணைத்த வரிசையைப் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பார்த்தால் எல்லாப் பந்தும் மிக மெதுவான கருவியின் வாசலில் கூடி நிற்கும். அதற்கு முந்தைய கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை.

வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

காகிதத்தில் வரும் கணக்கும் மேஜையில் வரும் கணக்கும் ஒன்றாக இராது, அதனால் முதலில் அளந்துகொள்ளுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஆக்சிலில் ஒரு துண்டு டேப்பைக் கொடிபோல ஒட்டுங்கள். போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்து, கருவி உண்மையில் ஓடிய 15 வினாடிக்குச் சுற்றுகளை எண்ணி நான்கால் பெருக்குங்கள். பந்து போட்டு, சுமையோடு ஓடும்போது எண்ண வேண்டும்.

சுமை இல்லாமல் 9 வோல்ட்டில் லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வகை எம், எல் மோட்டார்கள் இரண்டும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று. எக்ஸ்எல் சுமார் 220. சுமை ஏறினால் இது நன்றாகவே இறங்கும். நீங்கள் எண்ணியது 200 என்று வைத்துக்கொள்வோம். 8 பல் கியர் 40 பல்லை ஓட்டினால் 5-ல் ஒன்று: 40 சுற்று. அதே ஆக்சிலில் இன்னொரு 8 பல், 24 பல்லை ஓட்டினால் 3-ல் ஒன்று: 13 சுற்று சொச்சம். தூக்கும் சக்கரத்தில் 6 குழி இருந்தால் நிமிடத்துக்கு 80 பந்து. ஆனால் எல்லாக் குழியும் ஒவ்வொரு முறையும் நிறையாது. ஐந்தில் ஒன்று வெறுமையாகப் போனாலும் 64 பந்து வரும், தேவை 60. இந்த அளவு இடைவெளி போதும்.

வேகம் போதவில்லை என்றால் கியரை மாற்றும் முன் வெறும் குழிகளை எண்ணுங்கள். பத்தில் நான்கு வெறுமை என்றால் குறை ஊட்டும் இடத்தில் இருக்கிறது. சக்கரத்தை வேகப்படுத்தினால் குழி வாயைக் கடக்கும் நேரம் குறைந்து வெறுமை இன்னும் கூடும். மெதுவாக்கினால் பந்து அதிகம் வருவதைப் பல கருவிகளில் பார்க்கலாம்.

‘கட கட’ என்று சத்தம் வருகிறது, கியர் பல் தாண்டுகிறது. கியர் தேய்ந்துவிட்டதா?

தேய்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. சட்டம் விரிகிறது. இரண்டு கியர் ஒன்றை ஒன்று ஓட்டும்போது ஆக்சில்களை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளும் விசை பிறக்கும். ஆக்சிலை ஒரே பக்கத்தில் மட்டும் பீம் (ஓட்டைகள் உள்ள நீளத் துண்டு) தாங்கினால் அது ஒற்றைக்கால் பந்தல்போல் சாயும், பல் நழுவும். கியரின் இரண்டு பக்கமும் பீம் வேண்டும். அந்த இரண்டு பீமையும் குறுக்கே கட்டியிருக்க வேண்டும்.

தூரமும் சரியாக இருக்கட்டும். 8-ம் 24-ம் சேர மையத்துக்கு மையம் 2 ஸ்டட். 8-ம் 40-ம் சேர 3 ஸ்டட். 16-ம் 16-ம் சேர 2 ஸ்டட். கிடைமட்டமாக இது தானாகவே அமையும். ஓட்டையுள்ள டெக்னிக் பிரிக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுபவர்களுக்குத்தான் சிக்கல். ஒரு பிரிக்கின் உயரம் 9.6, ஸ்டட் 8. நேரடியாக அடுக்கினால் ஓட்டைகள் பொருந்தாது. இரண்டு டெக்னிக் பிரிக்குக்கு நடுவில் 2 பிளேட் வையுங்கள்: 9.6-ம் 6.4-ம் சேர்ந்து 16 மி.மீ., கச்சிதமாக 2 ஸ்டட். பிறகு செங்குத்துப் பீமால் ‘பின்’ (ஓட்டையில் செருகும் முளை) போட்டுப் பூட்டிவிடலாம், சட்டம் அசையாது.

வெள்ளை நிற 24 பல் கிளட்ச் கியரை எங்கே போட வேண்டும்?

அதன் மேல் 2.5, 5 என்று விசை அளவு பொறித்திருக்கும். அந்த அளவு தாண்டினால் நடுப்பகுதி வழுக்கி, மோட்டாரையும் ஆக்சிலையும் காப்பாற்றும். ஒரு கருவிக்கு ஒன்று கட்டாயம் போடுங்கள். இடம்தான் முக்கியம்: மோட்டாருக்குப் பக்கத்தில், ஓட்டம் கிளைகளாகப் பிரியும் முன்.

கிளை பிரிந்த பிறகு ஒரு கிளையில் மட்டும் போட்டால், பந்து சிக்கியதும் அந்தக் கிளை மட்டும் நின்று மற்றது ஓடும். தூக்கும் கை ஒரு நேரத்திலும் கதவு வேறு நேரத்திலும் இயங்கும். சிக்கலை எடுத்த பிறகும் கருவி ஒழுங்காக ஓடாது. ஏன் என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

கழற்றி மாட்டிய பிறகு கதவும் கையும் நேரம் தவறி இயங்குகின்றன.

ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள். நன்றாக ஓடும்போதே, கை அடிமட்டத்தில் நிற்கும் நிலையில் கருவியை நிறுத்தி, சேரும் இரண்டு கியரிலும் தொடும் பற்களில் வெள்ளை நெயில்பாலிஷால் புள்ளி வைத்துவிடுங்கள். அடுத்த முறை புள்ளிக்குப் புள்ளி. ஓரிரு நிமிட வேலை, பிறகு பல மணி நேரம் மிச்சம்.

படி ஏற்றி கட்டினேன். பந்து இரண்டாவது படியிலேயே நிற்கிறது, சில சமயம் பின்னால் உருண்டு வருகிறது.

படி ஏற்றி என்பது ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழும் போகும் தூண்களில் பந்து ஒவ்வொரு படியாக ஏறுவது. பார்க்க எளிது. உயரக் கணக்கு தவறினால் ஒரு பந்தும் மேலே போகாது.

கிராங்கின் (தூணை ஏற்றி இறக்கும் சுழல் கையின்) மையத்திலிருந்து ‘பின்’ முளை 1 ஸ்டட் தள்ளி இருந்தால் தூண் மொத்தம் 2 ஸ்டட், 16 மி.மீ. ஏறி இறங்கும். அடுத்தடுத்த தூண்கள் நேர் எதிர்த் திசையில் இயங்குகின்றன என்று கொள்ளுங்கள். முதல் தூண் உச்சியில் இருக்கும்போது நடுநிலையைவிட 8 மேலே; அடுத்தது அடியில், 8 கீழே. ஆக, பந்து தாண்டக்கூடிய அதிகபட்ச உயர வேறுபாடு 16 மி.மீ. அதையே, 5 பிளேட், வைத்தால் இரண்டு மேற்பரப்பும் சமமாக நிற்கும் அந்த ஒரு நொடியில் பந்து நகர வேண்டும், நகராது. 4 பிளேட் வையுங்கள், 12.8 மி.மீ. அப்போது 3.2 மி.மீ. இறக்கம் கிடைக்கும், பந்து தானாக அடுத்த படிக்கு விழும். அந்த 3.2 மி.மீ. விளிம்பே பந்து திரும்பாமலும் தடுக்கும்.

ஒரு தொகுதி நிலையாகவும் ஒரு தொகுதி மட்டும் அசைவதாகவும் கட்டினால், நிலைப்படிக்கும் அடுத்த நிலைப்படிக்கும் 4 பிளேட், நடுவில் அசையும் படியின் நடுநிலை அவற்றுக்குச் சரிபாதியில். அதாவது மொத்த உயரத்துக்கு இரு மடங்கு படி தேவைப்படும்.

பின்னால் உருள்வதற்குக் காரணம் படியின் மேற்பரப்பு சமமாக இருப்பது. ஒவ்வொரு படியின் தலையிலும் முன்பக்கம் சாயும் சரிவுத் துண்டு போடுங்கள். சாய்வு சிறிதாக இருந்தாலும் போதும். திசை தவறாமல் இருந்தால் சரி. தூண்கள் உரசுகின்றனவா என்றும் பாருங்கள்: கையால் கிராங்கைச் சுற்றினால் ஒரு சுற்று முழுக்க ஒரே இலகுவில் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் கனத்தால் அங்கே உரசல்.

செயின் அறுந்து விழுகிறது.

பிளாஸ்டிக் செயினின் கண்ணிகள் ஒரு பக்கம் மடங்கினால் பிடிக்கும், மறு பக்கம் மடங்கினால் திறந்துகொள்ளும். எல்லாக் கண்ணியும் ஒரே முகமாக இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமும் ஒரு காரணம்: நீளமான செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை ஸ்டட் உள்ளே போக வேண்டும். கண்ணி எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் கண்ணியை இழுத்து மாட்டாதீர்கள். ஒரு சின்ன சும்மா சுற்றும் கியரால் தளர்வைத் தள்ளிப் பிடியுங்கள்.

சரிவில் பந்து பாதியில் நிற்கிறது. இன்னொரு சரிவில் துள்ளிக் கீழே விழுகிறது.

16 ஸ்டட் நீளச் சரிவுக்கு ஒரு முனை 2 பிளேட் உயரம் என்றால் சாய்வு 3 பாகைக்குச் சற்றுக் குறைவு. டைல் போட்ட நேர்த்தடத்துக்கு இது அடிமட்டம். மேஜை கொஞ்சம் எதிராகச் சாய்ந்தாலே நின்றுவிடும். 3 பிளேட் வையுங்கள். 4 பிளேட்டுக்கு மேல் போனால் வளைவில் வெளியேறும்.

சாய்வை ஒவ்வொரு 8 ஸ்டட்டுக்கும் ஒரு பிளேட் படியாக இறக்கிக் கட்டுவது சரியான வழி இல்லை. படிகளுக்கு நடுவில் தரை சமமாகவே இருக்கிறது. மெதுவாக வரும் பந்து அங்கே நிற்கும். முழுத் தடத்தையும் ஒரே துண்டாகக் கட்டி ஒரு முனையில் கீல் போட்டுச் சாயுங்கள். இரண்டு டைல் சேரும் இடத்தில் கீழ்ப்பக்க டைல் துளி உயர்ந்திருந்தாலும் பந்து முட்டும். நகத்தால் தடவினால் தெரியும்.

கடைசியில் அடுத்தவரின் கூடையைத் தாண்டி விழுகிறது என்றால், வெளியேறும் முனைக்கு எதிரே ஒரு பீமைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பந்து அதில் மோதி வேகம் இழந்து நேராக விழும்.

மற்ற நிறுவனப் பிரிக்ஸையும் பந்தையும் கலக்கலாமா?

சுவர், சட்டம், அடித்தளம் எல்லாவற்றிலும் கலக்கலாம். சுற்றும் இடங்களில் கவனம் தேவை. ஒரு சோதனை: மூன்று பீமின் ஓட்டையில் ஆக்சிலை நுழைத்து நிமிர்த்திப் பிடியுங்கள். ஆக்சில் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். தள்ளினால்தான் இறங்குகிறது என்றால் அந்த ஆக்சில் சட்டத்துக்கு மட்டும்.

பந்துகளைக் கலந்தால் அளவுகோல் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பிளேட் மேல் நடைபாதைக்கு டைல் ஒட்டி, இரண்டு பக்கமும் தூண் நிறுத்தி, குறுக்கே ஒரு நீளமான 1 ஸ்டட் பிளேட் போடுங்கள். தூண் 6 பிளேட் உயரம் என்றால் டைல் போக 16 மி.மீ. இடம்: எல்லாப் பந்தும் இதில் போக வேண்டும். தூண் 5 பிளேட் என்றால் 12.8 மி.மீ.: எந்தப் பந்தும் போகக் கூடாது. முதலாவதில் மாட்டுவதையும் இரண்டாவதில் நழுவுவதையும் ஒதுக்கிவிடுங்கள். ஒரு தப்பான பந்து, வரிசை முழுவதையும் சுற்றி ஒவ்வொரு கருவியையும் ஒரு முறை நிறுத்தும்.

ஆக்சிலுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? தையல் மிஷின் எண்ணெய்?

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசின் ஆகும். சில கனிம எண்ணெய்கள் இறுக்கமாக நிற்கும் பிளாஸ்டிக்கில் வெடிப்பு உண்டாக்கும். கீச்சிட்டால் முதலில் புஷ் (ஆக்சில் நகராமல் பிடிக்கும் வளையம்) இறுக்கத்தைத் தளர்த்துங்கள்: புஷ்ஷுக்கும் பீமுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடம் வேண்டும். கீச்சொலியில் பெரும்பகுதி அதோடு போகும். அப்படியும் தேவைப்பட்டால் சிலிக்கான் உயவு ஒரு துளி, காதுக் குச்சியில் தொட்டு. பந்து படும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம்.

மின்தடை வருகிறது. பேட்டரியா அடாப்டரா?

வீட்டில் அடாப்டர், கண்காட்சியில் பேட்டரியும் கையிருப்பில். கார (அல்கலைன்) இரகச் செல் ஆறு போட்டால் 9 வோல்ட். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் ஒன்று 1.2 வோல்ட்தான், ஆறுக்கு 7.2. மோட்டார் வேகம் வோல்ட்டேஜோடு சேர்ந்து இறங்கும், ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் கியரை 7.2 வோல்ட்டுக்கே கணக்கிட்டுக் கட்டுங்கள். 9-ல் ஓடினால் லாபம்.

அடாப்டர் 9 வோல்ட், வோல்ட்டேஜ் நிலையாக இருக்கும் வகை, 2 ஆம்பியர். கடையில் கைக்கு எளிதாகக் கிடைப்பது 12 வோல்ட் எல்இடி அடாப்டர். அதை மாட்டாதீர்கள், மோட்டார் சூடேறிக் கெடும். பவர் ஃபங்ஷன்ஸ் வயரில் நான்கு இழை. மோட்டாரை ஓட்டுவது நடு இரண்டு. நீட்டிப்பு வயரை வெட்டி இணைப்பவர்கள் அடாப்டர் வயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் பக்கத்தை யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், பிரித்து வேலை செய்யக் கூடாது.

திடீர் மின்தடையில் தூக்கிய சுமை கீழே சரிந்து பந்து சிதறுகிறதா? தூக்கும் பகுதிக்குத் திருகுபோல் இருக்கும் வார்ம் கியர் போடுங்கள். வார்ம் 24 பல் கியரை ஓட்டினால் 24-க்கு ஒன்று. கியரால் வார்மைத் திருப்பி ஓட்ட முடியாது. கரண்ட் போனால் கை போன இடத்திலேயே நிற்கும். பதிலுக்கு உரசலில் சக்தி நிறைய வீணாகும், அதனால் மற்ற இடங்களில் வேண்டாம்.

மோட்டார் அரை மணி ஓடியதும் நின்று, சில நிமிடம் கழித்துத் தானே ஓடுகிறது.

உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு வெட்டுகிறது. மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். எங்கோ இறுக்கம் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றி மற்ற எல்லாவற்றையும் கையால் சுற்றுங்கள். கனக்கும் இடத்தைத் தேடுங்கள். மே மாதத்தில் ஓடு வேய்ந்த மாடியில் வைத்து ஓட்டினால் இது இன்னும் சீக்கிரம் வரும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. உப்புக்காற்றால் என்ன ஆகும்?

பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரிப் பெட்டியின் உலோகத் தகடும் வயர் முனையும்தான் கெடும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரியான இடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியில் செல்லை விட்டு வைத்தால் தகடு பச்சை பூக்கும். ஓட்டாத நாளில் செல்லை எடுத்துவிடுங்கள். கார செல் கசிந்த வெள்ளைப் பொடியை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு சுத்தத் தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள்.

மணல் அதைவிட மோசம். சில்வர் பீச்சில் விளையாடிவிட்டு வந்த கையோடு பந்தை அள்ளினால் மணல் ஓட்டைக்குள் போய் அரைக்கும். ஆக்சிலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தூள் தெரிந்தால் அதுதான். பந்துகளை மாதம் ஒரு முறை 40 பாகைக்கு மேல் போகாத தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் காயவையுங்கள். ரப்பர் பேண்டும் இந்த வெக்கையில் சீக்கிரம் வெடிக்கும். தலைமுடிக்குப் போடும் சிலிக்கான் பேண்ட் அதிக நாள் வரும்.

வீட்டில் ஓடியது, மண்டபத்தில் ஓடவில்லை.

மேஜை. மண்டபத்து மடக்கு மேஜை நடுவில் தொய்யும், காலுக்குக் கால் உயரம் மாறும். போனில் மட்டம் பார்க்கும் செயலியை வைத்து ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகச் சமப்படுத்துங்கள், மேஜையை அல்ல. கருவியின் நான்கு மூலையிலும் அடியில் பிளேட் துண்டு சொருகினால் 3.2 மி.மீ. கணக்கில் ஏற்றி இறக்கலாம். நடுவளவுக்கு மடித்த அட்டை. சுற்றி வரும் பிள்ளைகள் மேஜையில் சாய்வார்கள். அதனால் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைப்பது நல்லது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு எப்படிக் கொண்டுபோவது?

இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழி நெடுக வேகத்தடை. கருவியை 32 அல்லது 48 ஸ்டட் அகலத் துண்டுகளாகப் பிரியும்படி முதலிலேயே கட்டுங்கள். மெல்லிய பேஸ்பிளேட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது வளைந்து மேலே இருப்பது எல்லாம் கழலும். அடியில் ஒரு பிளைவுட் பலகை வைத்துப் பலகையோடு தூக்குங்கள். அசையும் கைகளை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். பந்துகள் தனி டப்பாவில். சைடு ஸ்டாண்ட் போட்ட ஸ்கூட்டரில் மாட்டி வெயிலில் நிறுத்துவதும், கண்ணாடி ஏற்றிய காருக்குள் மதியம் முழுக்க விடுவதும் ரப்பருக்கும் பேட்டரிக்கும் ஆகாது.

கண்காட்சிக்குத் தயார் என்று எப்போது சொல்லலாம்?

ஒரு மணி நேரம் கையால் தொடாமல் ஓடினால். வினாடிக்கு 1 பந்து என்றால் அது 3,600 பந்து. ஒரு மணியில் ஒரே ஒரு முறை நின்றாலும் ‘பரவாயில்லை’ என்று விடாதீர்கள்: அதேபோல் பத்துக் கருவி வரிசையில் இருந்தால் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை வரிசை நிற்கும், யாராவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். முதலில் காலிக் கூடையில் 30 பந்தை ஒரே மூச்சில் கொட்டி, கடைசிப் பந்து வெளியேறும் நேரத்தைப் பாருங்கள். 30 வினாடியோடு பந்து வழியைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்து அதற்குள் முடிய வேண்டும். பத்து முறை செய்யுங்கள். பிறகு கருவியின் வெளிமுனையிலிருந்து தன் கூடைக்கே ஒரு தற்காலிகத் தடம் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் எங்கே, எந்த நிலையில் என்று எழுதுங்கள். எடுக்கும் முன் போனில் ஒரு படம். மூன்று படம் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

முதல் கருவியாக எதைக் கட்டலாம்? அகியூக்கி செய்ததுபோல் கட்ட ஆசை.

ஜப்பானின் அகியூக்கி கட்டிய கருவிகளைப் பார்த்துத்தான் பலரும் இதற்குள் வருகிறார்கள். ஆனால் அவற்றில் ஒரே ஓட்டத்தில் பல அசைவுகள் நேரம் பிசகாமல் சேர வேண்டும். முதலில் 6 குழிச் சக்கரம் ஒன்று, ஒரு மோட்டார், ஒரு நல்ல கூடை. அந்தக் கூடையையே அடுத்த ஐந்து கருவிக்கும் அப்படியே நகல் எடுக்கலாம்.

எத்தனை பந்து எடுத்துப் போக வேண்டும்?

ஒரு கருவிக்கு 30 என்று கணக்கு. ஐந்து கருவி என்றால் 150, கூடவே மேஜைக்கு அடியில் உருண்டு போவதற்கு ஒரு 20.